வண்டி எங்கே நின்றது என்று கேளுங்கள்

தை பிறந்ததும் எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய கார் வியாபாரம் சூடுபிடிக்கும். வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுக, கார் கன்சல்டிங் கடைகளின் வாசலில் சின்ன வண்டிகள் பளபளவென்று வரிசைகட்டி நிற்கும். ஆல்டோ, சான்ட்ரோ, ஐ10, இயான், க்விட், ஃபிகோ. ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்குள் விலை. வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதே மூன்று கேள்விகளைக் கேட்கிறார்கள்: எந்த வருஷத்து வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது ஓனர். நாலாவதாக ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்த வண்டி இத்தனை வருஷமாக எங்கே நின்றது?

வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விபத்தில் அடிபட்ட வண்டி, மரம் விழுந்து நசுங்கிய வண்டி, தண்ணீரில் மூழ்கிய வண்டி எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து, பழுதுபார்க்க என்ன செலவாகும், இன்ஷூரன்ஸ் கம்பெனி எவ்வளவு தரலாம் என்று அறிக்கை எழுதுவது என் தொழில். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூர் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் தண்ணீர் வடியாமல் தேங்கியபோதும், சேறு காயாத தெருக்களில் வண்டி வண்டியாகத் திறந்து பார்த்திருக்கிறேன். இப்போது திருக்கழுக்குன்றத்தில் குடியிருக்கிறேன். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ‘கொஞ்சம் கூட வாங்க’ என்று கூப்பிடுகிறார்கள். மறுக்காமல் போகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பரில் பிரிந்த இந்த மாவட்டத்தில் காருக்கு இரண்டு எதிரிகள். வடக்கே ஏரித் தண்ணீர். கிழக்கே, முட்டுக்காட்டிலிருந்து கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரை, கடல் உப்பு. மீட்டரில் ஓடும் எண்ணில் இந்த இரண்டும் தெரியாது.

தண்ணீர் விஷயத்தில் சின்ன வண்டிக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. எங்கள் தொழிலுக்கு வெளியே இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் விரித்தே சொல்கிறேன். ஒவ்வொரு முழுக் காப்பீட்டிலும் ஐ.டி.வி. என்று ஒரு தொகை உண்டு. அந்த வருஷத்துக்கு வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட தொகை அது. பழுதுபார்க்கும் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி ‘டோட்டல் லாஸ்’. ஒரே தெருவில் 12 லட்சம் ஐ.டி.வி. உள்ள பெரிய வண்டியும் 2 லட்சம் ஐ.டி.வி. உள்ள ஆல்டோவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, இரண்டிலும் சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயரிங், ஈ.சி.எம்., ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், சீட், கார்பெட், எஞ்சினைத் திறந்து கழுவும் கூலி என்று பெரிய வண்டிக்கு நாலைந்து லட்சம் ஆகும். வரம்பு 9 லட்சம் என்பதால் அது கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், அசல் உதிரிபாகங்களோடும் பில்லோடும் திரும்பி வரும். ஆல்டோவுக்கு வரம்பு ஒன்றரை லட்சம்தான். பட்டியல் போட்டு முடிப்பதற்குள் தாண்டிவிடும்.

ஆகவே ஒரே வெள்ளத்தில் பெரிய வண்டி பிழைக்கிறது, சின்ன வண்டி டோட்டல் லாஸ் ஆகிறது. உரிமையாளருக்கு உரிய தொகை கிடைத்துவிடும். வண்டி, நிற்கிற நிலையிலேயே, சால்வேஜாக ஏலத்துக்குப் போகும். எடுப்பவர் அதைப் பிரித்து உதிரிபாகமாக விற்கலாம், விற்பதும் உண்டு. ஆனால் எஞ்சினுக்கு உயிர் இருந்து, ஆர்.சி. புத்தகமும் செல்லுபடியாக இருந்தால், வெயிலில் காயவைத்து, அறுந்த வயரை ஒட்டி, பாலிஷ் போட்டு, ஓடும் வண்டியாக விற்பதில்தான் லாபம் கூடுதல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு, அழிந்துபோன அல்லது நிரந்தரமாக ஓட்ட முடியாதபடி ஆன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்கச் சொல்கிறது. செலவுக் கணக்கில் டோட்டல் லாஸ் ஆன வண்டி ‘நிரந்தரமாக ஓட்ட முடியாத’ வண்டி ஆகிவிடுமா? அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். மூழ்கிய வண்டிகளிலேயே அரைகுறையாகப் பழுதுபார்க்கப்படுபவை மலிவான வண்டிகள். அவற்றை வாங்குகிறவர்கள், வாழ்க்கையில் முதல் காரைக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வாங்குகிற குடும்பங்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

பழைய சின்ன வண்டிகளில் பலவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கும். வெள்ளச் சேதத்துக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. சர்வேயர் வரமாட்டார், க்ளெய்ம் என்று எங்கும் பதிவாகாது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைப் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராடு வளைந்துவிட்டால், எஞ்சினுக்கென்று தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்க்காதவருக்கு அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது. அவரும் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். ஆகவே க்ளெய்ம் ஏதும் இல்லை என்று கடைக்காரர் கம்ப்யூட்டரில் காட்டினால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வராதீர்கள். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள். அம்மாவுக்கு டயாலிசிஸ், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். போகும்போது சமாளித்துவிடலாம், முடித்துவிட்டுத் திரும்பும்போது அந்த அம்மாவால் பஸ்ஸில் நிற்க முடியாது, ஆட்டோவில் குலுங்கவும் முடியாது. “மாமா, ரெண்டேகால் லட்சம் இருக்கு. அதுக்குள்ள ஒரு வண்டி பாக்கணும், கூட வர்றீங்களா?” என்று கேட்டாள்.

முதலில் போனது கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கன்சல்டிங். 2014 ஐ10, மீட்டரில் 41 ஆயிரம் கிலோமீட்டர். வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி மின்னியது. கதவைத் திறந்ததும் வாசனைத் திரவியம் தலையைச் சுற்றவைத்தது. வண்டிக்குள் இவ்வளவு வாசனை எதற்கு என்பதே என் முதல் சந்தேகம். டிரைவர் பக்க சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தேன், இனி வராது என்கிற வரை. வெளியே தெரியும் பகுதி புதிதாக இருந்தது. உருளைக்குள் சுருண்டு கிடந்த கடைசி முழம் காவி நிறத்தில் கறை பிடித்திருந்தது. பெல்ட்டைக் கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லை.

கார்பெட்டைத் தூக்கச் சொன்னேன். “அதெல்லாம் எதுக்கு சார், கம்பெனி கார்பெட், கிழிஞ்சிடும்” என்றார் கடைக்காரர். நானே குனிந்து, கதவோரப் பிளாஸ்டிக்கை நெம்பி, ஓரத்தை மட்டும் தூக்கினேன். அடியிலிருந்த பஞ்சு கட்டிதட்டியிருந்தது. சீட்டைத் தரையோடு பிடிக்கும் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்தால் வயர் கனெக்டர் ஒன்றில் பச்சை பூத்திருந்தது, தண்ணீர் பட்ட செம்பு. பின்னால் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியில் தகடுகள் சேரும் இடுக்கில் விரலை ஓட்டினால் மாவு மாதிரி வண்டல் ஒட்டியது. மழைத் தண்ணீரில் வண்டல் இருக்காது. ஏரித் தண்ணீரில்தான் இருக்கும்.

மீட்டரும் பொய்தான். பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். இந்த வண்டியில் நாலு டயரும் இரண்டு வெவ்வேறு வருஷத்தவை, ஸ்டெப்னி உட்பட எதுவும் வண்டியோடு வந்ததில்லை. 41 ஆயிரத்துக்குள் ஒரு சின்ன வண்டி இத்தனை டயர் தின்னாது. நான் விலை பேசவே இல்லை. “வேற பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டியைப் பற்றி நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. கோவளத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. 2016 ஆல்டோ 800, ஒரே ஓனர், 28 ஆயிரம் கிலோமீட்டர். மீட்டர் உண்மை, சர்வீஸ் புத்தகம் உண்மை, மனிதரும் உண்மையானவர். “ஓட்டவே இல்ல சார். கவர் போட்டுப் பத்திரமா வெச்சிருந்தேன்” என்றார். உள்ளே உட்கார்ந்தால் புது வண்டி. அந்தப் பெண்ணின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. நான் அவரிடம் கேட்டுக்கொண்டு, வண்டியைப் பக்கத்திலிருந்த வாட்டர் வாஷ் கடைக்குக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றினேன்.

கீழே நின்று பார்த்தால் வேறொரு வண்டி. கதவுக்கு அடியில் ஓடும் ரன்னிங் போர்டின் விளிம்பில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டினால் சில இடங்களில் ‘டங்’ என்று உலோகச் சத்தம் வந்தது, சில இடங்களில் ‘பொத்’ என்றது. ‘பொத்’ என்ற இடத்தில் தகடு இல்லை, துருவும் பெயின்ட்டும்தான். சைலன்சரில் ஓட்டை. பின் சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப்பின்மேல் செதில் செதிலாகத் துரு. லோயர் ஆர்ம் பொருந்தும் இடத்தில் அடுக்கடுக்காகப் பெயர்ந்திருந்தது. முன்னால் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய இதழ்களை விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தன.

அவர் வண்டியைப் பாழாக்கியது அவருடைய அக்கறைதான். உப்புக் காற்றில் வரும் நுண்திவலை தகட்டின்மேல் படிந்து காய்ந்துவிட்டால், இரவில் காற்றிலிருக்கும் ஈரத்தை அந்த உப்பு இழுத்து வைத்துக்கொள்ளும். ஓடும் வண்டி சூடாகிக் காயும், மழையில் கழுவப்படும். நிற்கும் வண்டிக்கு அது இல்லை. கவர் அந்த ஈரத்தை உள்ளேயே மூடி வைக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லிலேயே உப்பு ஊறுகிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை அதன்மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு வருஷம் நின்ற கல்லுக்கே அந்தப் பாடு என்றால் காகிதம் போன்ற தகடு என்ன செய்யும்? கடலோரத்து வண்டிக்குக் குறைந்த கிலோமீட்டர் ஒரு தகுதியே கிடையாது. பல சமயம் அது குறை.

அந்தப் பெரியவர் “வெல்டிங் வெச்சா சரியாகிடாதா?” என்று கேட்டார். ரன்னிங் போர்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கலாம், டிங்கரிங் செய்பவர்கள் நன்றாகவே செய்வார்கள். லோயர் ஆர்ம் பொருந்தும் இடம் துருப்பிடித்தால் அது வண்டியின் எலும்பு. அங்கே வைக்கும் வெல்டிங்கை நம்பி ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அதை அவரிடம் மரியாதையோடு சொன்னேன். கடற்கரைக் கிராமங்களில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்வதும் இதுதான்: வாரத்துக்கு ஒருமுறையாவது நல்ல தண்ணீரை வண்டியின் அடிப்பகுதியில் பீய்ச்சி அடியுங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைபடாமல் வைத்திருங்கள். மேலே பாலிஷ் போடும் காசில் கீழே அண்டர்கோட்டிங் அடியுங்கள்.

மூன்றாவது வண்டி அச்சிறுபாக்கத்தில். 2013 வேகன் ஆர், 96 ஆயிரம் கிலோமீட்டர். மதுராந்தகத்துக்குத் தினமும் ஓட்டிப்போய் வந்த பள்ளி ஆசிரியர் ஒருவருடையது. பம்பரில் கீறல், ஒரு கதவு மட்டும் சற்று வேறு வெள்ளையில் பெயின்ட் அடித்தது, சீட் துணி நைந்தது. அந்தப் பெண் இறங்கவே தயங்கினாள். நான் முந்தின நாளே போன் செய்து, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டிருந்தேன். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை எழும்போது சொல்லும் உண்மையை, சூடான பிறகு சொல்லாது. பானெட்டில் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. சாவி திருப்பிய முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை இல்லை. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். எஞ்சின் தேய்ந்திருந்தால் அங்கே புகை குபுகுபுவென்று தள்ளும், ‘பேக் கம்ப்ரஷன் அடிக்குது’ என்பார்கள் மெக்கானிக்குகள். இதில் லேசான மூச்சு மட்டும்தான். இதன் கே-சீரிஸ் எஞ்சினில் டைமிங் செயின் என்பதால், பழைய சான்ட்ரோவிலும் ஆல்டோ 800-இலும் உள்ளதுபோல் டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று துருவிக் கேட்கும் வேலையும் இல்லை. அந்த வண்டிகளில் பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

அடியில் போய்ப் பார்த்தால் காய்ந்த செம்மண். துரு என்று சொல்ல சைலன்சர் மேல்தோல் மட்டும். ஆசிரியர் ஒரு மஞ்சப்பையிலிருந்து வாங்கிய நாள் முதலான சர்வீஸ் பில்களை எடுத்து வைத்தார். கிளட்ச் கனமாக இருந்தது, பள்ளத்தில் லோயர் ஆர்ம் புஷ் சத்தம் போட்டது, இரண்டு டயர் மாற்ற வேண்டும். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் அடங்கும் வேலை. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னவர், குறைகளைப் பட்டியலாக எழுதிக் காட்டியதும் இருபதாயிரம் குறைத்துக்கொண்டார். பிரித்து மாற்றக்கூடிய பாகத்தில் உள்ள தேய்மானத்துக்கு விலை பேசலாம். தகட்டிலும் வயரிங்கிலும் புகுந்த நோய்க்கு எந்த விலையும் சரியான விலை ஆகாது.

ஒரு குறையை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். அந்த வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. விற்பனைக்கு வரும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவருக்கு ஏர்பேக் அந்த ஜூலையில். அதற்கு முன் வந்த மலிவு வண்டிகளின் பாதுகாப்பு மிகவும் மோசம். குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் 2014-ல் டாட்சன் கோவும், 2016-ல் இயானும் முதலில் வந்த க்விட்டும் ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. மூன்றுமே ஓரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும், நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் ஆலைகளில் உருவான வண்டிகள். தினமும் ஜி.எஸ்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே போகிறவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாக ஓட்டுகிறவர், இன்னும் கொஞ்சம் சேர்த்துவைத்து 2019-க்குப் பிந்தைய வண்டியாகத்தான் பார்க்க வேண்டும். இவளுக்கு திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு, பதினைந்து கிலோமீட்டருக்குள், பகலில், நிதானமாக. வேலைக்குக் கம்பெனி பஸ். அந்த உபயோகத்துக்கு இந்த வண்டி என்றுதான் நான் சம்மதித்தேன். ஏர்பேக் உள்ள வண்டி பார்க்கிறவர்கள், சாவியைத் திருப்பியதும் அதற்கான சிவப்பு விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று கவனியுங்கள். அதைக் கட்டுப்படுத்தும் பெட்டி வண்டியின் தரையோடு ஒட்டி இருப்பதால் வெள்ளத்தில் முதலில் கெடுபவற்றுள் அது ஒன்று. விளக்கே எரியவில்லை என்றால் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஃபிகோ வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதலில் வந்த ஃபிகோ மறைமலை நகரில் செய்த வண்டி. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு விலை இறங்கியது. நல்ல தகடு, நல்ல வண்டி, இந்தப் பக்கத்தில் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. உதிரிபாகத்துக்குச் சில நாள் காத்திருக்க முடிகிறவர் வாங்கலாம்.

விலையைப் பற்றி ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ போன்ற புது வண்டிகளின் ஷோரூம் விலை மூன்றரை லட்சத்தை ஒட்டி ஆரம்பித்தது. சாலைவரி, பதிவு, காப்பீடு சேர்த்தால் கூடும்தான். ஆனாலும் ஏழெட்டு வருஷத்துச் சின்ன வண்டிக்கு மூன்று லட்சம் கேட்கிற கடைக்காரரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அதேபோல, சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குத்தான். அதன்பின் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய் கட்டணம், பசுமை வரி தனி, எஃப்.சி.க்குத் தயார் செய்யும் ஒர்க்‌ஷாப் செலவு தனி. 2012-ம் வருஷத்து வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்றால் 2027 பக்கத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.

ஆர்.சி. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இது வாங்குகிறவருக்கு மட்டுமில்லை, விற்கிறவருக்கும். கையெழுத்துப் போட்ட 29, 30-ம் எண் படிவங்கள் புரோக்கர் கைமாறிக்கொண்டே இருக்கும், வண்டி யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும். அப்படிப் பல கை மாறிய ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது என்று தீர்ப்பளித்தது. நவீன்குமார் எதிர் விஜய்குமார் என்பது அந்த வழக்கு. வண்டியில் கடன் இருந்து முடிந்திருந்தால் பைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் 35-ம் எண் படிவமும் கையில் வராமல் முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். விற்றவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது மனிதருக்குச் சேர்ந்தது.

இவ்வளவையும் ஒரு சர்வேயரோ மெக்கானிக்கோ கூட வந்தால்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் அது சரியான ஏற்பாடாகாது. அமெரிக்காவின் மாநிலங்களில் டோட்டல் லாஸ் ஆன வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே ‘சால்வேஜ்’ என்று முத்திரை விழும். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு மூழ்கிய கார்கள் நாடு முழுக்க விற்பனைக்குப் பரவியபோது, அந்த முத்திரையை ஏமாற்றுவதைத் தடுப்பது அங்கே பெரிய விவகாரமானது. பிரிட்டனில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிட்ட வண்டிகளை நான்கு வகையாகப் பிரித்து வைக்கிறார்கள். அதில் இரண்டு வகை சாலைக்கே திரும்பக் கூடாது. நம் ஆர்.சி.யில் எஞ்சின் எண் இருக்கிறது, சேஸிஸ் எண் இருக்கிறது, வண்டியின் நிறம்கூட இருக்கிறது. மூழ்கியதா என்பதற்கு ஒரு கட்டம் இல்லை.

தகவல் இல்லாமல் இல்லை. வாகனக் காப்பீட்டு விவரங்களையும் க்ளெய்ம் விவரங்களையும் திரட்டுவதற்கென்றே இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009-ல் தொடங்கிய இன்ஷூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ ஹைதராபாத்தில் இருக்கிறது. வண்டி எண்ணைப் போட்டால் ஓனர் எத்தனையாவது, கடன் இருக்கிறதா, எஃப்.சி. எதுவரை என்று காட்டும் பரிவாஹன் ஏற்கெனவே எல்லோருடைய செல்போனிலும் இருக்கிறது. டோட்டல் லாஸ் என்று முடிவான வண்டிகளின் பட்டியலை இங்கிருந்து அங்கே அனுப்பி, வாங்குகிறவர் கண்ணில் படும்படி ஒரு வரியாகக் காட்ட வேண்டும். ஒழுங்குமுறை ஆணையமும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை இது.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டி அந்தப் பட்டியலில் வராது. அதற்கு விற்பவரின் வாக்குமூலம்தான் வழி. பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திடும் 29-ம் எண் படிவத்தில், ‘என் கையில் இருந்த காலத்தில் இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியது / மூழ்கவில்லை’ என்று ஒரு வரி சேர்க்கக் கேட்கிறேன். படிவம் மத்திய விதிகளின்படியானது என்பதால் டெல்லிதான் திருத்த வேண்டும். 2015-லும் 2023-லும் அனுபவித்த மாநிலம் என்ற முறையில் அதைக் கேட்டு எழுத வேண்டியது தமிழ்நாடு போக்குவரத்துத் துறை. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. வண்டியைக் கையில் வாங்கும்போதே வெள்ள விவரத்தைக் கேட்டுப் பதிந்து வைப்பதை அந்த அங்கீகாரத்தின் நிபந்தனையாகவே ஆக்கலாம்.

அது வரும்வரை நீங்கள் ஒன்று செய்யுங்கள். டெலிவரி நோட் எழுதும்போது, வண்டி எண், சேஸிஸ் எண், அன்றைய மீட்டர் அளவு இவற்றோடு, ‘இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கியதில்லை, டோட்டல் லாஸ் ஆனதில்லை, அப்படி இருந்தது தெரியவந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று முத்திரைத்தாளில் எழுதி, விற்பவரின் கையெழுத்தும் சாட்சி கையெழுத்தும் வாங்குங்கள். அச்சிறுபாக்கத்து ஆசிரியர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கூடுவாஞ்சேரியிலும் கிளம்புவதற்கு முன் இதே வரியை எழுதித் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். “அந்த மாதிரிலாம் நாங்க எழுதித் தர்றது இல்ல சார்” என்றார். அந்தப் பதில் எந்தக் கடையில் வந்தாலும், அட்வான்ஸ் கொடுக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.